சேலம் உழவர் சந்தைகள்: தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எப்படி?

உழவர் சந்தையைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் வாங்குகிறவர்கள் எழுதியவைதான். காய் புதுசாக இருக்கிறதா, தள்ளுவண்டியைவிட எவ்வளவு குறைவு, பைக் நிறுத்த இடம் உண்டா என்பதோடு முடிந்துவிடும். சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி, ஆத்தூர் என்று சேலம் மாவட்டத்தில் பரவிக் கிடக்கும் இந்தச் சந்தைகளை, விற்க வருகிற விவசாயியின் கணக்கில் வைத்துப் பார்க்கவே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் நாலைந்து வகைக் காய் போட்டு, வீட்டில் ஒருவர் விடியற்காலையில் கிளம்பத் தயாராக இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல விற்பனை இடம் சேலத்தில் இல்லை. ஒரே காயை ஒரே நாளில் முந்நூறு கிலோ பறிக்கிறவருக்கு இது சரிப்படாது. அவருக்குத் தலைவாசல் காய்கறி மார்க்கெட்டோ வேறு மண்டியோதான். உழவர் சந்தை எடையிலும் கமிஷனிலும் விவசாயி ஏமாறாமல் காக்கிறது. மீந்துபோகும் காயை அதனால் காப்பாற்ற முடிவதில்லை. லாபமும் நஷ்டமும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் முன்மாதிரி. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றது. அடிப்படை விதிகள் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. இடைத்தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், விலை பலகையில் எழுதப்படும், விளைவித்தவரே விற்க வேண்டும்.

முதல் வேலை அடையாள அட்டை. சிட்டா, அடங்கல், ஆதார், போட்டோ ஆகியவற்றோடு சந்தை அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், தோட்டத்தை நேரில் வந்து பார்த்து, என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எப்போது அறுவடைக்கு வரும் என்று குறித்துக்கொண்டு அட்டை கொடுப்பார்கள். வேலை தடைபடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருப்பது. குத்தகைக்கு ஓட்டுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சாகுபடி செய்கிறவர் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று மனுப் போடுமுன் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, பயிர் மாறியதைத் தெரிவிக்காமல் விடுவது. அட்டையில் கத்திரியும் வெண்டையும் இருக்க, ஆடிப் பட்டத்தில் போட்ட அவரையையும் பீர்க்கனையும் கொண்டுபோனால் கேள்வி வரும், வரவும் வேண்டும். விதை போட்ட வாரமே சொல்லிவிட்டால், காய்ப்புக்கு வருமுன் பார்வையிட்டு முடிப்பார்கள். அப்பா பெயரில் அட்டை இருந்து மகள் வந்து விற்பதாக இருந்தால், அவர் பெயரும் பதிவில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

அரசுப் பேருந்தில் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுபோகச் சுமைக் கட்டணம் இல்லை என்பது திட்டத்தின் பெரிய பலம். பனமரத்துப்பட்டி, அயோத்தியாப்பட்டணம், வீரபாண்டி பக்கமிருந்து இரண்டு கூடை, ஒரு சாக்கு என்று வருகிறவர்களுக்கு இந்த ஒரு சலுகையே பாதி லாபம். ஆனால் முதல் பஸ்ஸை விட்டால் அந்த நாளே போயிற்று. கடைகள் அன்றன்று டோக்கன் வரிசைப்படி ஒதுக்கப்படுவதால், முன்னால் வந்தவருக்கு வாசலுக்குப் பக்கத்து மேடை கிடைக்கும், பிந்தி வந்தவர் உள்ளே கடைசி வரிசைக்குப் போவார். கடைசி வரிசைக்கு வந்து சேருகிற வாடிக்கையாளர் பையில் தக்காளியும் வெங்காயமும் ஏற்கெனவே ஏறியிருக்கும். எல்லாரிடமும் இருக்கிற காயைக் கொண்டுவருகிறவருக்கு அந்த இடம் அடி. கடைசி வரிசை கிடைக்கும் என்று தெரிந்தால், அங்கே தேடி வந்து வாங்குகிற பொருளாக ஒன்று கையில் இருக்க வேண்டும். மணத்தக்காளிக் கீரை, சுண்டைக்காய், வாழைப்பூ, பறித்துக் கட்டிய பிரண்டை மாதிரி.

தராசுக்கு முழு மதிப்பெண் தரலாம். சந்தையே தருகிறது, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா, முத்திரை தேதி தாண்டவில்லையா என்று எடுக்கும்போதே பாருங்கள். மேடை சமமாக இல்லாத இடத்தில் வைத்தால் டிஜிட்டல் தராசு ஐந்து, பத்து கிராம் ஆடும். பச்சை மிளகாயும் இஞ்சியும் நூறு, இருநூறு கிராமாக விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மண்டியில் எடை போடும்போதெல்லாம் விழுகிற ‘கழிவு’ இங்கே அறவே இல்லை. சாக்கு எடை என்றும் ஈரம் என்றும் சொல்லி இரண்டு மூன்று கிலோ கழிப்பது மண்டி வழக்கம். இங்கே தட்டில் ஏறியது அத்தனையும் காசு.

இனி விலைப் பலகை. அதிகாலையில் மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து, வெளிச் சில்லறை விலையையும் வைத்துப் பார்த்து விலை போடுவார்கள். மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழ் 15 சதவீதம் என்பது பொதுவான அளவுகோல். மண்டியில் கத்திரி 20 ரூபாய், கடைவீதியில் 28 ரூபாய் என்றால் இரண்டு வழியிலும் கணக்கு 24 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விவசாயிக்கு நாலு ரூபாய் கூட, வாங்குபவருக்கு நாலு ரூபாய் மிச்சம். சந்தை அழகாக வேலை செய்கிற நாள் அது.

வரத்து பெருகுகிற நாளில் இந்தக் கணக்கு விவசாயிக்கு எதிராகத் திரும்புகிறது. மண்டியில் தக்காளி 5 ரூபாய்க்கு விழுந்துவிட்டது, கடைவீதியில் இன்னும் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விலையோடு 20 சதவீதம் சேர்த்தால் 6 ரூபாய். சில்லறையில் 15 சதவீதம் கழித்தால் 12 ரூபாய் 75 காசு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு ரூபாய் பள்ளம். பலகை அந்தப் பள்ளத்தில் எங்கே நிற்கிறது என்பதில்தான் அன்றைய பறிகூலி வருவதும் வராததும். சதவீதக் கணக்கு விலை ஏறும்போது கை கொடுக்கும். விலை விழும்போது 5 ரூபாயில் 20 சதவீதம் ஒரே ஒரு ரூபாய்தான். வரத்து மிகுந்த காலத்தில் சில்லறை விலையை ஒட்டியே பலகை எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாங்குபவருக்கு அப்போதும் 15 சதவீதம் குறைவாகத்தானே கிடைக்கிறது.

இன்னொரு குறை, ஒரு காய்க்கு ஒரு விலை என்பது. இளசாகப் பறித்த வெண்டையும் முற்றல் கலந்த வெண்டையும் ஒரே பலகை விலையில் நிற்கும்போது, தரம் பிரித்துக் கொண்டுவருகிறவர் செலவழித்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஆனால் அவர் சரக்கு எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். தரத்துக்குக் கிடைக்கிற பரிசு விலையில் வராது, வேகத்தில் வரும். இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் இங்கே நிலைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ கத்திரி, மண்டி விலை 20, பலகை விலை 24. மண்டியில் போட்டால் கழிவு 3 கிலோ போக 97 கிலோவுக்கு 1,940 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் என்றால் 194 போயிற்று. ஏற்றுகூலி, வண்டி 120 ரூபாய். கையில் நிற்பது 1,626.

அதே 100 கிலோவை உழவர் சந்தைக்குக் கொண்டுவந்தால், பலகை விலைக்கு 65 கிலோ போகும். ஒன்பது மணிக்கு மேல் விலையைக் குறைத்து 18 ரூபாய்க்கு 20 கிலோ. மீதி 15 கிலோவை வாசலில் காத்திருக்கும் சில்லறை வியாபாரி 8 ரூபாய்க்குக் கேட்பார். மொத்தம் 2,040. போக வர, டீ, டிபன் 150 கழித்தால் 1,890. மண்டியைவிட 264 ரூபாய் அதிகம். அதற்கு ஒரு ஆள் விடியுமுன் கிளம்பிப் பத்து மணி வரை நின்றிருக்கிறார். தோட்டத்தில் அந்த ஆளின் அரை நாள் வேலை நின்றுபோயிருக்கிறது. இது லாபமே இல்லை.

இப்போது அதே 100 கிலோவைப் பிரியுங்கள். கத்திரி 35, அவரை 25, வெண்டை 20, பீர்க்கன் 20. கணக்குக்காக எல்லாவற்றுக்கும் அதே விலை என்று கொள்வோம். ஒவ்வொன்றும் கொஞ்சமாக இருப்பதால் 90 கிலோ பலகை விலைக்கே போய்விடும், 10 கிலோ 15 ரூபாய்க்கு. மொத்தம் 2,310, செலவு போக 2,160. மண்டியைவிட 534 ரூபாய் அதிகம். காயும் அதே எடை, ஆளும் அதே ஆள், அதே பஸ்தான். கூடுதல் வருமானம் இரண்டு மடங்கு. கீரை பத்து, இருபது கட்டு பக்கத்தில் வைத்தால் இன்னும் ஏறும், ஏனென்றால் கீரைக்கு நிற்கிற கை கத்திரியையும் எடுக்கும். ஆகவே இந்தச் சந்தைக்கு ஏற்ற தோட்டம் என்பது பாத்தி பாத்தியாக, பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்த தோட்டம். முழு ஏக்கரும் ஒரே நாளில் நட்ட தக்காளி இங்கே நிற்கவே நிற்காது.

என்ன பறிப்பது என்பதைப் போலவே எப்போது பறிப்பது என்பதிலும் பணம் இருக்கிறது. முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு, நாலரை மணிக்கு மேல் பறித்த கத்திரி மறுநாள் காலையில் மினுமினுப்போடு இருக்கும். மத்தியானம் பறித்துச் சாக்கில் கட்டியது இரவெல்லாம் உள்சூட்டில் வெந்து, காலையில் தோல் சுருங்கிவிடும். கத்திரிக்காயை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது காயை இல்லை, காம்பை. காம்பு பச்சையாக, முள் கூராக இருந்தால் நேற்று மாலைச் சரக்கு. பழுத்துப் பழுப்பேறியிருந்தால் இரண்டு நாள். காம்பில்லாமல் பிய்த்த காய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தள்ளிவைத்துவிடுவார்கள்.

வெண்டையில் இரண்டு நாள் தாண்டினாலே நார் பாய்ந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பதுதான் முறை. வெண்டைக்குத் தண்ணீர் தெளித்தால் பளபளக்கும் என்று நினைத்துத் தெளிக்கிறவர்கள் உண்டு. இரண்டு மணி நேரத்தில் வரி வரியாகக் கறுத்துப்போகும். ஈரத்துணி போர்த்தலாம், தண்ணீர் நேரடியாகப் படக் கூடாது. கீரைக்கு இதற்கு நேர்மாறு. வேர்ப் பக்கம் ஈரச் சாக்கில் இருக்க வேண்டும், இலை காய்ந்திருக்க வேண்டும். வேரோடு தண்ணீரில் முக்கிக் கட்டினால் நடுவில் இருக்கிற இலை அழுகி, கட்டைப் பிரித்ததும் நாற்றம் வரும். அந்த வீட்டார் மறுபடி உங்கள் மேடைக்கு வரமாட்டார்கள்.

தக்காளி இந்தச் சந்தைக்கு முக்கால் பழமாக வர வேண்டும். மண்டிக்குப் போடுகிற செங்காயை இங்கே கொண்டுவந்தால், அன்றைக்கே ரசம் வைக்க வாங்குகிறவர் தொடமாட்டார். பழமாகப் பறித்தால் மூங்கில் கூடை ஆகாது. கூடையின் அடியில் இருப்பவை மேலே உள்ள எடையில் பிதுங்கும், ஒன்று உடைந்தால் அதன் சாறு பட்டு இன்னும் பத்து கெடும். துளை போட்ட பிளாஸ்டிக் கிரேட்டில் பழம் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிற மாதிரி அடுக்கினால், ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் எடை கிரேட்டின் மேல் இறங்கும், பழத்தின் மேல் இறங்காது. பாகலும் பீர்க்கனும் உரசினால் கறுக்கும். அவற்றுக்குப் பழைய பேப்பரோ வாழைச் சருகோ இடையில் போட வேண்டும்.

நாளையும் பார்க்க வேண்டும். அமாவாசைக்கு வாழைக்காய், பூசணி, அவரை தனியாகக் கேட்டு வாங்குவார்கள். புரட்டாசி மாதம் முழுக்கக் காய்க்கு நல்ல ஓட்டம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கும்போது எலுமிச்சையும் வாழையிலையும் காயைவிட வேகமாகப் போகும். இந்த நாள்களை வைத்துப் பறிப்பை ஒரு நாள் முன் பின் தள்ளுகிறவர் அதே செடியில் கூடுதல் காசு பார்க்கிறார்.

சேர்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள் நிலை வேறு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். தொலைவில் உள்ள மலைக் கிராமத்தார் முதலில் ஏற்காடு வந்து, அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். விடியலுக்கு முன் சந்தையில் நிற்பது நடவாத காரியம். எனவே மேலே உள்ளவர்கள் தினமும் வரத் திட்டமிடாமல், தாங்குகிற பொருளாகப் பார்த்து வாரத்தில் இரண்டு நாள் கூட்டாக இறக்குவதே மேல். சௌசௌ நன்றாகத் தாங்கும். பீன்ஸ் பனி ஈரத்தோடு பறித்தால் துரு மாதிரிப் புள்ளி விழும், ஈரம் காய்ந்த பிறகே கை வைக்க வேண்டும். கமலா ஆரஞ்சை இழுத்துப் பறித்தால் காம்படியில் தோல் கிழிந்து, அந்த ஓட்டை வழியாக மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்ட வெட்ட வேண்டும்.

பட்டர் ஃப்ரூட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மலையிலிருந்து கீழே இறங்கும் பொருள்களில் அதிகம் ஏமாற்றம் தருவது இதுதான். இந்தப் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகே பழுக்கும். முற்றாத காயைப் பறித்தாலும் பார்வைக்கு முற்றியது போலவே இருக்கும். வீட்டில் வைத்தால் மெத்தென்று ஆகாமல் ரப்பர் மாதிரி சுருங்கி, உள்ளே கசக்கும். முற்றியதை அறிய எளிய வழி, ஒரு மரத்தில் இரண்டு மூன்று காயைப் பறித்து அரிசிப் பானையில் வைத்துப் பார்ப்பது. ஒரு வாரம் பத்து நாளில் சுருங்காமல் இளகினால் அந்த மரம் தயார். வெட்டிப் பார்த்தால் விதையின் மேலுறை வெள்ளையாக, சதைப்பற்றாக இல்லாமல், காகிதம் போலப் பழுப்பாக இருக்க வேண்டும். பறிக்கும்போது காம்பு ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கட்டும். காம்பு பிடுங்கிய குழியில்தான் அழுகல் தொடங்குகிறது. மேடையில் ‘இன்றைக்கு’, ‘மூன்று நாள் கழித்து’ என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தால், வாங்குபவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கத் தேவையே இருக்காது. அமுக்கிய ஒவ்வொரு விரலும் மறுநாள் ஒரு கறுப்புப் பொட்டு.

மிளகும் காப்பியும் இங்கே கொண்டுவருகிற பொருள்கள் இல்லை. அவை மூட்டைக் கணக்கில், ஈரப்பதம் பார்த்து விலை பேசுகிறவை.

வியாபாரி விவசாயி வேஷத்தில் வருவது உழவர் சந்தைகளைப் பற்றி எப்போதும் எழுகிற புகார். தமிழ்நாடு முழுக்க உள்ள பிரச்சினை இது. அட்டை ஒருவர் பெயரில், மேடையில் வேறொருவர், சரக்கு மண்டியிலிருந்து. இதனால் பாதிக்கப்படுகிறவர் முதலில் விவசாயிதான். மண்டிச் சரக்கு எடுத்தவர் நஷ்டமில்லாமல் விலையைக் குறைத்துக்கொண்டே போகலாம், பறிகூலி கொடுத்தவரால் முடியாது. வாங்குபவருக்கும் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரே மேடையில் பதினைந்து வகைக் காய், அதில் உருளைக்கிழங்கும் பூண்டும் சேர்ந்திருந்தால், அது கீழே சமவெளியில் ஒரு தோட்டத்தில் விளைந்திருக்க முடியாது. மலைக் காய் விற்க அனுமதி பெற்ற குழுக்களின் கடைகள் தனி, அவற்றை இதோடு குழப்ப வேண்டாம். சொந்தத் தோட்டத்துக் காய்க்கு அளவு சீராக இருக்காது. சிறிதும் பெரிதுமாக, மண் ஒட்டி, ஒன்றிரண்டில் பூச்சி கடித்த வடுவோடு இருக்கும். “எந்த ஊருங்கக்கா, எத்தனை நாளா காய்க்குது?” என்று கேட்டுப் பாருங்கள். விளைவித்தவர் நட்ட மாதத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அட்டையில் உள்ள பரப்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு காய் வர முடியும் என்று நுழைவில் எடையோடு ஒத்துப் பார்த்தாலே போதும். பத்து சென்ட் அவரையிலிருந்து தினமும் எண்பது கிலோ வராது.

காய்ந்த பொருள்களுக்கு வழி வேறு. மஞ்சள், பருத்தி, நிலக்கடலை, எள் வைத்திருப்பவர் உழவர் சந்தையை நினைக்கவே வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களின் ஏலமும்தான் அவர்களுக்கு. ஒழுங்குமுறைக் கூடத்தில் 1 சதவீதக் கட்டணத்தை வாங்குகிற வியாபாரி கட்டுகிறார், விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. விலை பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் குடோனில் இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விலை ஏறக் காத்திருக்கலாம். அறுவடைக் கடனை அடைக்க வேண்டுமே என்று மாசி, பங்குனியில் விழுந்த விலைக்கு மஞ்சளைக் கொடுத்துவிடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வசதி இதுதான். ஏலத்தில் அடிபடுவது பெரும்பாலும் கலப்பால். மஞ்சளில் விரல் போல நீண்ட விரலியையும் உருண்டையான கிழங்கையும் ஒரே மூட்டையில் போட்டால் மூட்டை முழுக்கக் கிழங்கு விலைக்குத்தான் கேட்பார்கள். பனங்காளி என்கிற மஞ்சள் வகையையும் தனியாகப் பிரிக்க வேண்டும். வியாபாரி கை விட்டு எடுக்கிற விரலி, ஒடித்தால் உலோகம் தட்டின சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், குவிண்டாலுக்கு விலை அங்கேயே இறங்கிவிடும். 2016 ஏப்ரலில் வந்த இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தை வழியாக வெளியூர் வியாபாரியும் விலை போடலாம். ஆனால் பார்க்காத மூட்டைக்கு அவர் நம்பி விலை போட, கூடத்திலேயே ஈரமும் தரமும் சோதித்து எழுதித் தர வேண்டும். அந்தச் சோதனை பலமாக இல்லாத இடத்தில் இ-நாம் பெயரளவில் நிற்கிறது, ஏலம் வழக்கமான நாலைந்து பேருக்குள்ளேயே சுற்றுகிறது.

மறுபடி காய்க்கே வருவோம், அந்தப் பத்து மணி மிச்சத்துக்கு. ஒன்பதரைக்கே வாசலில் இரண்டு மூன்று பேர் சைக்கிளோ டிவிஎஸ்ஸோ நிறுத்திவிட்டு நிற்பார்கள். அவர்கள் அவசரப்படுவதில்லை. திருப்பிக் கொண்டுபோக பஸ்ஸில் இடம் கிடைக்காது, வீட்டில் வைத்தால் நாளைக்கு வாடும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். “அஞ்சு ரூவாய்க்குப் போட்டுட்டுப் போங்க, வெயில் ஏறுது” என்பார்கள். குளிர்பதன அறை உள்ள சந்தையில் கேட்டு இடம் வாங்குங்கள். ஆனால் வெண்டையையும் வெள்ளரியையும் கத்திரியையும் நாள் கணக்கில் கடுங்குளிரில் வைத்தால் பள்ளம் விழுந்து நீர் கசியும். கீரை, முள்ளங்கிக்குத்தான் அந்தக் குளிர் ஏற்றது.

வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மின்சாரம் இல்லாத செங்கல் குளிர்தொட்டி. நிழலில், 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்துக்கு ஒற்றைச் செங்கல் தளம். அதன் மேல் இரட்டைச் சுவர், 67.5 செ.மீ. உயரம், இரண்டு சுவருக்கும் நடுவில் 7.5 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, முதல் நாள் மணலும் செங்கல்லும் முழுக்க ஊறும் வரை தண்ணீர் விட வேண்டும். சிமென்ட் பூசக் கூடாது, பூசினால் ஆவியாகும் வழி அடைந்து குளிர்ச்சியே வராது. மூங்கில் தட்டியில் சாக்குத் தைத்து மூடி செய்து, அதையும் ஈரமாக வைக்க வேண்டும். மேலே ஓலைக் கூரை. பிறகு காலையும் மாலையும் மணலுக்கும் மூடிக்கும் தண்ணீர். கிரேட்டில் வைத்து நூறு கிலோ வரை கொள்ளும். காயைச் சாக்கில் கட்டி உள்ளே போட்டால் வேர்த்து அழுகும், துளையுள்ள கிரேட்தான் சரி. சேலத்துப் பங்குனி, சித்திரை வறண்ட வெயிலில் வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக நிற்கும். மீந்த கத்திரியை 8 ரூபாய்க்குக் கொடுக்காமல் மறுநாள் பலகை விலைக்கே விற்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், தொட்டி அவ்வளவாகக் குளிராது. அந்த இரண்டு மாதம் முந்தின நாள் எவ்வளவு விற்றது என்று ஒரு சின்ன நோட்டில் காய்வாரியாக எழுதிவைத்து, அதில் முக்கால் பங்கு மட்டும் பறித்துக்கொண்டு வாருங்கள்.